பாடாத வாள்

எங்கள் ஊரில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து இறங்குவார். வீடு, அது நிற்கிற வளவு, கிணறு, தென்னை எல்லாம் பெண்ணுக்கு. பெற்றவர்கள் மிச்சமிருக்கிற பிள்ளைகளையும் சட்டி பானைகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் வாயைப் பிளக்கிறார்கள். நாங்கள் அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தோம், இன்றும் திரிகிறோம். ஆனால் எட்டு வயதில், வெளியே போக வேண்டியவர்களில் நானும் ஒருத்தி என்று தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்போது ஐம்பதுகளின் நடுப்பகுதி. மருதமுனையில் பெரிய தெருவுக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் வளவு. பின்பக்கம் நாங்கள் குடியிருந்த, தென்னங்கிடுகு வேய்ந்த வீடு. முன்பக்கம், ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவுக்கென்று வாப்பா எழுப்பிய கல்வீடு. அது சுவரோடு நின்றுபோய், கூரையில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை பெய்தால் அறைகளுக்குள் தண்ணீர் தேங்கும், தவளைகள் குடியேறும். மாப்பிள்ளைக்கு முன்னால் தவளை வந்துவிட்டது என்று சொல்லி உம்மா சிரிப்பார். சிரித்து முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

வாப்பா ஓடாவி. மரவேலை செய்கிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். ஊரில் பாதி வீட்டுக்குக் கதவும் நிலையும் அவர் கை பட்டவை. தன் மகளின் வீட்டுக்கு மட்டும் கூரை ஏற்ற முடியாமல் நின்றார். குறை அவரிடம் இல்லை. முற்றத்தில் ஐந்து முதிரை மரக் குற்றிகள் இரண்டு வருடமாய்க் கிடந்தன. அவற்றைப் பலகையாகவும் சட்டமாகவும் அரிய ஆள் இல்லை. அந்தக் காலத்தில் குழி வெட்டி, குற்றியைக் குறுக்கே போட்டு, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நீள வாளை இழுத்து அரிவார்கள். அப்படி அரிகிறவர்கள் எல்லாரும் நல்ல கூலி கிடைக்கிறது என்று காடு வெட்டும் வேலைக்குப் போய்விட்டார்கள். வாப்பாவும் அதற்கு முந்திய இரண்டு வருடம் அந்தப் பக்கம் போயிருந்தவர்தான். பாறைக்கு வெடி வைக்கிற இடத்தில் சட்டம் அடிக்கிற வேலை. முதிரை வாங்கியது அந்தக் கூலியில்தான்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். ஆனால் நல்ல மனிதர்களும் எவ்வளவு காலம்தான் தவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? நோன்புக்கு முன்னால் கூரை ஏற வேண்டும், ஏறாவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்று பக்குவமாய்ச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று முழுக்க உம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அப்போதுதான் மாமா ஓர் இஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினார். மாமா என்றால் உம்மாவின் தம்பி. நெல் குற்றுகிற மில்லில் வேலை. மில்லுக்குப் புது இஞ்சின் வந்ததும் பழையதை அவர் எடுத்துக்கொண்டார். இஞ்சினை மாமா பார்ப்பார், வாள் மேசையில் வாப்பா நிற்பார், முதல் வேலை ராத்தாவின் கூரை, அதற்குப் பிறகு ஊருக்கு அரிவது என்று இரண்டு மச்சான்மாரும் பேசிக்கொண்டார்கள். வேம்பில் மேசையை வாப்பாவே செய்தார். நடுவில் வாள் எழும்பி நிற்க ஒரு கீறல் இடம். பக்கத்தில் பெல்ட் ஓடக் கப்பி. வளவின் கடற்கரைப் பக்கம் கொட்டில் போட்டு, மேசையை அதற்குள் வைத்தாயிற்று. வட்டவாள் ஒன்றுதான் பாக்கி.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கு அந்த மேசையைக் கண்டாலே பிடிக்கவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். கிடுகு வீட்டின் பக்க அறையில் ராத்தாவின் தறி இருந்தது. பின்னேரங்களில் அவள் ஆண்கள் உடுக்கிற சாரம் நெய்வாள். நான் தறிக்குக் கீழே நுழைந்து படுத்துக்கொள்வேன். தலைக்கு மேலே நூல்கள் நெருக்கமாய் ஓடும். அவற்றினூடாக வெயில் வந்து என் வயிற்றில் கோடு கோடாய் விழும். ராத்தாவின் பாதங்கள் மாறி மாறி மிதிக்கும். அவள் ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பாள். மீன் வயிற்றில் மோதிரம் கிடைத்த கதை, கடலுக்கு அடியில் இருக்கிற கடைத்தெருவின் கதை. தறிச் சத்தமும் அவள் குரலும் அப்பால் கடல் இரைவதும் ஒன்றாய்க் கலந்து, நான் விழித்திருக்கிறேனா உறங்குகிறேனா என்பது எனக்கே தெரியாது. என் வாழ்நாளில் அதைவிடச் சுகமான இடத்தில் நான் படுத்ததில்லை, சத்தியமாய்.

வீடு முடிந்தால் இந்தத் தறி ராத்தாவுக்கு. தறிக்குக் கீழேயிருக்கிற இடமும் ராத்தாவின் வளவுக்குள். நாங்கள் பெரியநீலாவணைப் பக்கமாய் உம்மாவுக்கு இருந்த மணல் வளவுக்குப் போய்க் குடிசை போட வேண்டும்.

“நாம என்னத்துக்குப் போகணும்? அவர் வந்தா அவரும் இருக்கட்டுமே” என்று உம்மாவிடம் கேட்டேன்.

“அதுதான் வழமை” என்றார் உம்மா. “உனக்கும் ஒரு நாளைக்கு அந்த வளவுல வீடு எழும்பும். அப்ப நாங்க அங்கால போவம்.”

இதைக் கேட்டு நான் ஆறுதல் அடைய வேண்டும் என்று அவர் நினைத்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

வாள் எடுக்கக் கல்முனைக்குப் போகிற நாள் வந்தது. இரும்புக் கடைக்குக் கொழும்பிலிருந்து நாலு வட்டவாள் வந்திருப்பதாய்ச் செய்தி. மாமா சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராய் நின்றார். வாப்பா அவரைப் பார்த்து, “நீ இஞ்சினப் பாரு மச்சான். நான் மகளக் கூட்டிப் போறன்” என்றார். மாமாவுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. வாள் வாங்கப் பெண் பிள்ளையைக் கூட்டிப் போகிறவரை எங்கள் ஊர் அன்றுதான் கண்டது.

சைக்கிளின் முன் கம்பியில் சாக்கை மடித்துப் போட்டு என்னை ஏற்றினார். பாண்டிருப்பு வரைக்கும் நான் வாயை மூடவில்லை. கோயில் மதிலில் உட்கார்ந்திருந்த மயிலைப் பற்றிச் சொன்னேன். தறிக்குக் கீழே படுப்பதைப் பற்றிச் சொன்னேன். குடிசைக்கு நான் வரப்போவதில்லை, ராத்தாவோடுதான் இருப்பேன், மாப்பிள்ளை வேண்டுமானால் தவளைகளோடு படுக்கட்டும் என்றும் சொன்னேன். வாப்பா ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். உம்மாவிடம் இதில் பாதி சொன்னாலும் வாயில் அடி விழும். வாப்பாவின் சைக்கிளில் என்னவும் சொல்லலாம். அவர் பாட்டுக்கு மிதித்துக்கொண்டிருப்பார்.

இரும்புக் கடை முதலாளி பாண்டிருப்பு ஆள். நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். எங்களைக் கண்டதும், “வாங்க ஓடாவியார், உங்களுக்கெண்டுதான் பிரிக்காம வெச்சிரிக்கன்” என்று எழும்பினார். எனக்கு ஒரு தோடம்பழ இனிப்பு தந்தார். அது வாய் நிறையப் புளித்து இனித்தது.

நாலு வாளும் எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சுளகு அகலம். தாளைப் பிரித்ததும் கொழுப்பும் இரும்பும் கலந்த ஒரு வாசம் கடை முழுக்கப் பரவியது. வாப்பா வாளை எடுத்த விதம் எனக்கு நன்றாய் ஞாபகம் இருக்கிறது. பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணுக்கு நேரே விளிம்பைப் பிடித்து, வளைவு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பற்கள் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் ஒரே அளவாய்ச் சாய்ந்திருக்கின்றனவா என்று பெருவிரலால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். இடுப்பில் செருகியிருந்த சின்ன அரத்தை எடுத்து ஒரு பல்லில் மெதுவாய் உரசினார். அரம் வழுக்கினால் இரும்பு மிகவும் கடினம், பல் உடையும். அரம் ஆழமாய்க் கடித்தால் மிகவும் மெது, ஒரு குற்றி அரியமுன் மழுங்கிவிடும். இதெல்லாம் அவர் முதலாளிக்குச் சொன்னது. முதலாளி தலையாட்டிக்கொண்டே இருந்தார், அவருக்கு விளங்கியதோ என்னவோ.

ஒன்று சின்னச் சின்னப் பல்லாய், கண்ணாடி மாதிரி மின்னியது. முதலாளி அதைத்தான் முன்னால் தள்ளினார். “இது குறுக்கால வெட்டுற வாள். நமக்கு நெடுக்கால அரியணும், பெரிய பல் வேணும்” என்று வாப்பா அதை ஒதுக்கிவிட்டார். மிச்சம் மூன்று. மூன்றும் பெரிய பல். ஒன்றில் மட்டும் பாய்மரக் கப்பல் அச்சுக் குத்தியிருந்தது. மூன்றையும் அவர் கண்ணாலும் கையாலும் பார்த்து முடித்தார். மூன்றும் தேறின.

பிறகு முதலாளியிடம் ஒரு துண்டுக் கயிறு வாங்கி, முதல் வாளை நடுத்துளையில் கோர்த்து, கடை விட்டத்தில் தொங்கவிட்டார். என்னை இழுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினார்.

“இனி இவ சொல்லட்டும்” என்றார் முதலாளியைப் பார்த்து. “சீதன வீட்டு வேலை. பொம்புளப் புள்ளைட வாயால வந்தா பரக்கத்து.”

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையவே கிடையாது. முதலாளிக்கு அது தெரியுமா? “ஓம் ஓம், நல்ல வழக்கம்” என்று சந்தோஷப்பட்டார். அதற்குள் ஆணி வாங்க ஒருவர் வர, அவர் தராசுப் பக்கம் போய்விட்டார்.

வாப்பா குனிந்து, என் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்தார். “நான் தட்டுவன். நல்ல வாள் பாடும். கனநேரம் பாடும். எங்கயாவது வெடிப்பு இரிந்தா பாடாது. எது நல்லாப் பாடுது எண்டு பாத்துச் சொல்லு மகள்.”

உளிப்பிடியால் தட்டினார். முதல் வாள் பாடியது. கொஞ்ச நேரம் பாடி நின்றது. பரவாயில்லை என்று நினைத்தேன். இரண்டாவதைத் தொங்கவிட்டுத் தட்டினார். யா றப்பே, அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? மெல்லியதாய், நீளமாய், எங்கேயோ போகிற சத்தம். கடைக்குள் இருந்த சங்கிலிகள், வாளிகள், ஆணிப் பெட்டிகள் எல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது போல் இருந்தது. வெளியே தெருவில் ஒரு மாட்டு வண்டி போய் மறைந்தது, சத்தம் மறையவில்லை. நான் வாயில் இனிப்பு இருப்பதை மறந்துவிட்டேன். வாப்பா வாளைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாய் இருந்தது. என்மேல் இவ்வளவு பிரியமா என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது கப்பல் வாள். தட்டினார். டொக்.

அவ்வளவுதான். பாட்டு இல்லை. சந்தையில் உம்மா சட்டி வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார். கீறல் சட்டி இப்படித்தான் சொல்லும். எது நல்ல சட்டி, எது கீறல் சட்டி என்று எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். இந்த வாள் உதவாது என்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. அதே நொடியில் இன்னொன்றும் தோன்றியது. உதவாத வாள் என்றால் அரியாது. அரியாவிட்டால் கூரை ஏறாது. கூரை ஏறாவிட்டால் நோன்பு வந்துவிடும், மாப்பிள்ளை வேறு இடம் பார்ப்பார், தறியும் ராத்தாவும் நானும் இருந்த இடத்திலேயே இருப்போம். எட்டு வயது மூளைக்கு இதைவிட நல்ல வழி எங்கிருந்து வரும்?

“எது மகள்?”

நான் நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டிக் கப்பலைத் தொட்டேன்.

“இதுவா?”

தலையை ஆட்டினேன்.

வாப்பா கயிற்றிலிருந்து வாளை இறக்கினார். பிறகு கப்பல் வாளை எண்ணெய்த் தாளில் சுற்றச் சொன்னார். திரும்பி வரும்போது அதை என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அது கனத்தது.

அதற்கடுத்த நாள் காலை வாளைப் பூட்டினார்கள். பாத்திஹா ஓதி, வந்தவர்களுக்கு வாழைப்பழமும் சர்க்கரையும் கொடுத்தார்கள். மாமா இஞ்சினை முடுக்க, கொட்டில் முழுக்கப் புகை. நான் அங்கே நிற்க மனமில்லாமல் தறிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். ராத்தா அன்று சிரித்த முகமாய் நெய்தாள். பாதங்கள் வழமையைவிட வேகமாய் மிதித்தன.

“மாமா சொன்னாருகா,” என்றாள் மேலேயிருந்து. “எங்கயோ ஒரு ஊருல வெடிப்பு வாளப் பூட்டி ஓட்டினாங்களாம். ஓடுற ஓட்டத்துல அது ரெண்டாப் பிரிஞ்சி, ஒரு துண்டு கூரையில போய்க் குத்திச்சாம். மத்தத் துண்டு வாள்காரர்ட நெஞ்சிலயாம். அங்கயே மௌத்து. நம்மட வாப்பா அப்படியா? தட்டிப் பாத்தெல்லோ எடுத்தாரு. நீயும் கேட்டியாமே.”

நூல்களினூடாக விழுந்த வெயில் என் வயிற்றில் அப்படியே நின்றது. வாள் அரியாமல் போகும் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். வாள் ஆளைக் கொல்லும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே.

எப்படி எழுந்தேன், தறிக் கட்டையில் தலை இடித்ததா இல்லையா, ஒன்றும் ஞாபகமில்லை. முற்றத்து மணல் காலை உள்ளே இழுத்தது. கனவில் ஓடுகிற மாதிரி, எவ்வளவு ஓடினாலும் கொட்டில் தள்ளியே இருந்தது. ஒரு வழியாய் வாசலுக்கு வந்துவிட்டேன். இஞ்சின் தட்டிக்கொண்டிருந்தது. பெல்ட் ஓடியது. கப்பல் வாள் சுற்றி, பல் ஒன்றும் தெரியாமல் வெறும் பளபளப்பாய் நின்றது. வாப்பா எனக்கு முதுகைக் காட்டி நின்று, முதல் குற்றியை மேசையில் நகர்த்த ஆயத்தமாய்க் கை வைத்திருந்தார்.

“வாப்பா!”

அவர் திரும்பவில்லை. நான் அவருக்கு நாலு எட்டு பின்னால்தான் நின்றேன்.

“வாப்பா! வேணாம் வாப்பா!”

கொட்டிலின் அந்தக் கோடியில், இஞ்சினோடு ஒட்டி நின்ற மாமா திரும்பிப் பார்த்தார். வாப்பா திரும்பவில்லை. என்மேல் கோபம், நான் பொய் சொன்னது தெரிந்துதான் திரும்பாமல் நிற்கிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவர் துடித்துப்போய்த் திரும்பினார். என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு தள்ளிப் போனார். அவர் நெஞ்சு அடித்தது எனக்குக் கேட்டது.

மாமா இஞ்சினை நிறுத்தினார். வாள் மெல்ல மெல்லச் சுற்றி, பற்கள் ஒவ்வொன்றாய்த் தெரிய வந்து, நின்றது. அந்த அமைதியில் கடல் மட்டும் இரைந்தது.

“அது பாடல்ல வாப்பா,” என்றேன் அவர் முகத்தைப் பார்த்து. “நான் பொய் சொன்னன். அது கீறல் சட்டி மாதிரித்தான் கேட்டிச்சி.”

மாமா வாளைக் கழற்றினார். கயிற்றில் பிடித்துத் தட்டினார். டொக். மண்ணெண்ணெய்ச் சீலையால் கொழுப்பைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பல்லின் அடியில், தலைமயிர் பருமனில், நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்தினார்கள்.

“மச்சான், நீங்க தட்டிப் பாக்கல்லயா?”

“பாத்தன்” என்றார் வாப்பா. என்னை இன்னும் இறக்கிவிடவில்லை. “புள்ளையோட விளையாட்டா இரிந்திட்டன். என்ட பிழைதான்.”

மாமா என்னைப் பார்த்தார். நான் நின்று கத்திய வாசலைப் பார்த்தார். பிறகு வாப்பாவை, கண்ணிமைக்காமல், கனநேரம் பார்த்தார்.  எனக்காக வாப்பா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார், மாமாவுக்கு அது பிடிக்கவில்லை என்று நான் முடிவு கட்டினேன்.

உம்மா மட்டும் விடவில்லை. அடுப்படிக்கு இழுத்துக்கொண்டுபோய் என் வலது காதைப் பிடித்துத் திருகினார். “வாப்பாட உசிரு போயிருக்குமேடி ஹராமி!” நான் போட்ட கூச்சலில் ராத்தா ஓடிவந்தாள். ராத்தாவைக் கண்டதும் எனக்கு அழுகை இன்னும் கூடியது. ஏன் பொய் சொன்னேன் என்பதை அவளிடம் மட்டும் சொல்ல முடியாது. அவளுடைய கலியாணத்தையல்லவா நான் கெடுக்கப் பார்த்தேன். அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வாப்பா வாசலில் வந்து நின்று உம்மாவின் கையைத் தட்டிவிட்டார்.

“காத விடு புள்ள. அடிக்கிறெண்டா வேற எங்கயாவது அடி. காதுல கை வைக்காத.”

வாள் ஓடாத அந்த ஒரு நாளில் வீட்டில் யாரும் சரியாய்ச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையிலேயே வாப்பா சைக்கிளைத் துடைத்தார். எண்ணெய்த் தாளில் கப்பல் வாளைச் சுற்றிக் கட்டினார். கம்பியில் சாக்கை மடித்துப் போட்டுவிட்டு, “வா” என்றார் என்னைப் பார்த்து.

“பொய் சொன்னவளையா மறுகாவும் கூட்டிப் போறீங்க?” என்று உம்மா முன்னால் வந்து நின்று கேட்டார்.

“அவதான் வரணும்.”

வாசல் படலையில் மாமா நின்றார். நாங்கள் தாண்டிப் போனபின், “மச்சான், நான் வாறன், நான் கேட்டுப் பாத்து எடுத்துத் தாறன்” என்று பின்னாலிருந்து சொன்னது எனக்குக் கேட்டது. வாப்பா மிதித்துக்கொண்டே இருந்தார். நான் எட்டிப் பார்த்தேன். மாமா இரண்டாம் முறை கூப்பிடவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

அன்று நான் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. மயில் மதிலில்தான் இருந்தது.

முதலாளி வெடிப்பைக் கண்டு பதறிப்போனார். “ஐயையோ, லொறியில எங்கயோ விழுத்திரிக்கானுகள் ஓடாவியார். நல்ல காலம்” என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டார். எனக்கு மறுபடியும் ஒரு தோடம்பழ இனிப்பு தந்தார். நான் செய்த வேலை அவருக்குத் தெரியாது. வாப்பா சொல்லவில்லை. மற்ற இரண்டு பெரிய பல் வாளும் விற்காமல் இருந்தன. அவற்றோடு பிரிக்காத பெட்டி ஒன்றிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து வைத்தார்.

வாப்பா பழையபடி எல்லாவற்றையும் பார்த்தார். விளிம்பு, பல், அரம். பிறகு முதல் வாளைக் கயிற்றில் தொங்கவிட்டு, என்னை அதன் பக்கத்தில் நிறுத்தினார். இந்த முறை என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார்.

“ஒண்டும் சொல்லாத. வாயத் திறக்காத. கீழ பாக்காத. என்னப் பாத்துக்கொண்டு சும்மா கேளு.”

என் மனம் ஒடிந்துபோனது. இனி என் பேச்சுக்கு மதிப்பில்லை. பொய் சொன்ன வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் எனக்குத் தண்டனை. ஊரெல்லாம் பார்க்க இந்தக் கடையில் நிறுத்தித் தண்டிக்கத்தான் கூட்டி வந்திருக்கிறார். கண் நிறைந்தது. ஆனாலும் குனியவில்லை. வாப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தட்டினார். முதலாவது. பிறகு இரண்டாவது, அன்றைக்குக் கேட்ட அதே வாள். மறுபடியும் அந்தச் சத்தம் எழுந்து, கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எங்கேயோ நீளமாய்ப் போயிற்று. தண்டனை, பொய், குடிசை எல்லாம் அந்த நேரத்துக்கு மறந்துபோயிற்று. தறிக்குக் கீழே படுத்திருக்கிற மாதிரி இருந்தது. மற்ற இரண்டையும் அவர் தட்டினார், நான் கேட்டேன். கேட்டு முடிந்ததும் ஏதாவது கேட்பார் என்று பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நேரே போய் அந்த இரண்டாவது வாளைக் கையில் எடுத்து, முதலாளியிடம் கொடுத்தார்.

அதுதான் நல்ல வாள் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, என்னைச் சும்மா நிறுத்தி வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வாள் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. முதிரைக் குற்றிகள் மஞ்சளாய்ப் பிளந்து, வளவு முழுக்க அந்த வாசம் கிடந்தது. மரத்தூள் எங்கள் சோற்றில் விழுந்தது, தலையில் விழுந்தது, ராத்தாவின் நூலில் விழுந்தது. மாமா அன்றிலிருந்து வேலை நேரத்தில் வாப்பாவைப் பெயர் சொல்லியோ மச்சான் என்றோ கூப்பிட்டதேயில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஒரு மரச்சிராயை எடுத்து அவர் முன்னால் மேசையில் எறிவார். வாப்பா நிமிர்ந்து பார்ப்பார், மாமா கையால் காட்டுவார். இரண்டு கிழவர்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி விளையாடுகிறார்கள் என்று நாங்கள் சிரிப்போம்.

நோன்புக்குப் பன்னிரண்டு நாள் இருக்கக் கூரை ஏறியது. தவளைகள் போய், மாப்பிள்ளை வந்தார். நல்ல மனிதர், எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கித் தந்தார். நாங்கள் சட்டி பானையோடு மணல் வளவுக்குப் போனோம். ராத்தா படலை வரைக்கும் வந்து அழுதாள். நான் வேண்டுமென்றே திரும்பிப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் அந்த மணல் வளவில் எனக்கும் ஒரு கல்வீடு எழும்பி, வாப்பாவும் உம்மாவும் அதைவிட்டும் வெளியே போனார்கள். அப்போது படலையில் நின்று அழுதது நான்.

அதற்குள் வாப்பாவுக்குக் காது அறவே கேட்காமல் போயிருந்தது. வாள் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன், என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பின்னேரம், வந்தவர்கள் போனபிறகு, அதையே நான் மறுபடியும் சொன்னபோது உம்மா தலையை ஆட்டினார்.

“வாள் இல்ல மகள். பாறைக்கு வெடி வெச்ச இடத்துலயே போயிட்டு. முன்னால நிண்டு கதைச்சாக் கேக்கும். மெல்லிய சத்தம், மணிச் சத்தம், ஒண்டும் கேக்காது. எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். மறுகா மாமாவும் கண்டுபுடிச்சான். வெளிய சொன்னா வாள் மேசையில ஆரு நிக்க விடுவாங்க? கூரை எப்படி ஏறும்?”

அன்று உம்மா திருகிய என் வலது காதை நான் தொட்டுப் பார்த்தேன். 

அந்த வாள் பாடியதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அது என் முகத்தில்தான் தெரிந்தது. முதல் நாள் அந்த முகத்தை நான் குனிந்து மறைத்துக்கொண்டேன், வாயால் ஒரு பொய்யைக் கொடுத்தேன், அதை நம்பி அவர் வெடித்த வாளுக்கு முன்னால் போய் நின்றார். அதற்குப் பிறகும், வாப்பா, அந்த முகத்தைத்தானே நீங்கள் நாடியைப் பிடித்து நிமிர்த்தினீர்கள்? நான் என்ன கண்டேன்? தண்டனை முடிந்தது என்று நினைத்து, மறந்துபோயிருந்த இனிப்பைக் கன்னத்தில் ஒதுக்கிச் சப்பிக்கொண்டு, சைக்கிள் கம்பியில் ஏறி உட்கார்ந்தேன்.